வண்டியை எங்கே கொண்டுபோய் விடுவது? தார் போடும் முன்பு சொல்ல வேண்டிய பதில்

இரவு நிறுத்தும்போது மோட்டார் சைக்கிள் கடை வாசலில் நின்றது. காலையில் பார்த்தால் அதே இடத்தில்தான் நிற்கிறது. ஆனால் எடுக்க முடியவில்லை. சக்கரங்கள் சிமெண்டுக்குள்!

கட்டுக்கதை அல்ல. வேலூரில் 2022-ம் ஆண்டு ஜூன் மாதம் நடந்தது. மெயின் பஜார் பகுதியில் காளிகாம்பாள் கோவில் தெரு. ராத்திரியோடு ராத்திரியாக சிமெண்டு ரோடு போட்டார்கள். தெருவில் நின்ற வண்டியை யாரும் நகர்த்தவில்லை. சக்கரத்தைச் சுற்றிக் கலவையைக் கொட்டி, மட்டம் தட்டிவிட்டுப் போய்விட்டார்கள். வண்டியை மீட்க, புதிதாகப் போட்ட ரோட்டையே உடைக்க வேண்டியதாயிற்று.

அதே ஆண்டில், அதே வேலூரில், ஒரு அடிபம்பும் தப்பவில்லை. கால்வாய் கான்கிரீட்டுக்குள் அதுவும் மாட்டிக்கொண்டது. படங்கள் நாடு முழுவதும் சுற்றின. ஊர் சிரித்தது.

சிரித்தவர்கள் தங்கள் ஊர் பஸ் நிலையத்தையும் கடைத்தெருவையும் ஒரு தடவை நினைத்துப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். ஆள் நடமாட்டம் ஓயாத இடம். வண்டிகள் வருவதும் நிற்பதுமாக இருக்கும் இடம். அங்கே புதிதாகத் தளம் போட வேண்டும். மூடிவிட்டுப் போடவும் முடியாது. மூடாமல் போடவும் முடியாது. என்ன செய்வது?

விமான நிலையத்தின் கார் நிறுத்தத்துக்கும் இதே கேள்விதான். கள்ளக்குறிச்சி கடைத்தெருவுக்கும் இதே கேள்விதான். கல்வராயன் மலைப்பாதைக்கும் இதே கேள்விதான்.

மார்ச் மாத அவசரம்

ஐப்பசி, கார்த்திகை மழையில் ரோடு பெயர்கிறது. தை பிறந்தால் தார் வாசனை வருகிறது. இதற்குக் காரணம் இரண்டு. ஈரம் காய்ந்தால்தான் தார் ஒட்டும் என்பது ஒன்று. மார்ச் 31-ந் தேதியோடு அரசாங்கக் கணக்கு முடிகிறது, ஒதுக்கிய பணத்துக்கு அதற்குள் வேலை காட்ட வேண்டும் என்பது இன்னொன்று.

கள்ளக்குறிச்சி பக்கம் இந்த மாதங்கள் சும்மா இருக்கும் மாதங்களா? மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயப்பாளையத்திலும் உள்ள இரண்டு கூட்டுறவு சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு டிராக்டர்கள் வரிசை கட்டும் காலம். அறுவடை முடிந்து மூட்டைகள் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு வரும் காலம். பரீட்சை எழுதும் பிள்ளைகள் பஸ்சைப் பிடிக்க ஓடும் காலம்.

ரோடு அதிகம் தேவைப்படும் மாதமும், ரோட்டில் கை வைக்கும் மாதமும் ஒன்றாகவே வந்து விழுகின்றன. ஆகவே, "கொஞ்ச நாள் பொறுத்துக்குங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது. யார் பொறுப்பது, எத்தனை மணி நேரம் பொறுப்பது, அதுவரை வண்டியை எங்கே விடுவது என்று சொல்லியாக வேண்டும்.

ஓடும் ரோடு வேறு, நிற்கும் தரை வேறு

வண்டி ஓடும் ரோடும் வண்டி நிற்கும் இடமும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

பஸ் ஓடும்போது அதன் பாரம் ஒரே இடத்தில் ஒரு நொடிகூடத் தங்குவதில்லை. நின்றுவிட்டால், அத்தனை பாரமும் சக்கரம் படுகிற நாலு இடத்தில் அழுத்துகிறது. சித்திரை வெயிலில் தார் இளகும். பஸ் சக்கரம் அதில் பள்ளம் பறிக்கும். பள்ளத்தில் தண்ணீர் தேங்கும். தேங்கிய தண்ணீர் கீழே இறங்கும். பிறகு ஜல்லி கையோடு வரும்.

இரண்டாவது எதிரி எண்ணெய். தார் என்பது பெட்ரோலியத்தில் இருந்து கிடைக்கும் பொருள். அதன்மேல் டீசலும் ஆயிலும் சொட்டுச் சொட்டாக விழுந்தால் இளகிக் கரையும். ஒரே இடத்தில் தினமும் பஸ் நிற்கிற இடங்களில் கறுப்பு கறுப்பாகத் தரை பெயர்ந்து கிடப்பதற்கு இதுவும் காரணம்.

மூன்றாவது, திருப்பம். நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கை ஒடித்தால் முன் சக்கரம் தரையைத் திருகும். பழைய தார் தாங்கும். நேற்றுப் போட்ட தார் சுருண்டு வரும். மோட்டார் சைக்கிளும் சாதுவான வண்டி அல்ல. புதுத் தாரில் சைடு ஸ்டாண்டு போட்டால், கூரான கால் உள்ளே இறங்கும். வண்டி சாய்ந்து பக்கத்து வண்டியையும் தள்ளும். விவரம் தெரிந்தவர்கள் அடியில் ஒரு கல்லோ பலகைத் துண்டோ வைப்பது இதற்காகத்தான்.

இதனால்தான் பஸ் நிற்கும் இடங்களில் தாருக்குப் பதில் கான்கிரீட் போடுகிறார்கள். அது உழைக்கும். ஆனால் அதற்கு வேறு விலை உண்டு. கான்கிரீட் முழு பலம் பெற 28 நாள் என்பது கொத்தனார் முதல் என்ஜினீயர் வரை எல்லோரும் சொல்லும் கணக்கு. தண்ணீர் கட்டி ஆற விட வேண்டும். அதுவரை அந்த இடம் பூட்டிய வீடு மாதிரிதான்.

சிமெண்டு கல் பதிப்பது மூன்றாவது வழி. கல்லைப் பதித்து, இடுக்கில் மணல் நிரப்பி, அழுத்திவிட்டால் வண்டியை விடலாம். அடியில் குழாய் உடைந்தால் கல்லை எடுத்துவிட்டுத் திரும்பவும் அதையே பதிக்கலாம். ஆனால் அடித்தளம் சரியில்லை என்றால் ஒரே மழையில் கல் எல்லாம் பல் ஆடுவது மாதிரி ஆடும்.

தார் சீக்கிரம் ஆறும், சீக்கிரம் குழியாகும். கான்கிரீட் நாள் பிடிக்கும், நிலைத்து நிற்கும். எந்த இடத்துக்கு எது என்று முதலில் முடிவு செய்வதே பாதி வேலை.

ஆறும் வரை யார் காவல்?

தார் போடுவது என்றால் கொட்டி உருட்டுவது மட்டும் இல்லை. முதலில் பழைய தாரை இயந்திரத்தால் சுரண்ட வேண்டும். தூசியைப் பெருக்க வேண்டும். பிறகு எமல்ஷன் தெளிப்பார்கள். தெளிக்கும்போது அது காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்கும். தண்ணீர் பிரிந்து கறுப்பாக மாறிய பிறகுதான் மேலே தார் ஜல்லி கொட்ட வேண்டும். அவசரக்காரர்கள் அந்த நேரத்தைத் திருடுகிறார்கள். ஒட்டவேண்டியது ஒட்டாமல், புது ரோடு தோசை மாதிரி உரிந்து வருவதற்கு இது ஒரு காரணம்.

தார் ஜல்லி கலவை ஆலையில் இருந்து கிளம்பும்போது சுமார் 150 டிகிரி சூட்டில் இருக்கும். அந்தச் சூடு குறைவதற்குள் உருட்டி முடிக்க வேண்டும். பிறகு கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறும் வரை வண்டி ஏறக்கூடாது. ராத்திரியில் போட்டால் காலைக்குள் ஆறிவிடும். காலை பத்து மணிக்குப் போட்டால், உச்சி வெயிலில் அது எப்போது ஆறுவது?

இந்த நேரத்தில் அங்கே ஒரு ஆள் நிற்க வேண்டும். கையில் கொடி, குறுக்கே கயிறு, இரவானால் சிவப்பு விளக்கு. பல ஊர்களில் அந்த ஆள்தான் இருப்பதில்லை. அதற்குப் பதில் காதில் விழுவது இப்படிப்பட்ட பேச்சுத்தான்:

"அண்ணே, வண்டிய எடுங்கண்ணே, தார் வண்டி வந்துடுச்சு."

"எங்க தம்பி கொண்டுபோய் விடறது?"

"அது எனக்குத் தெரியாதுண்ணே. எடுத்தாப் போதும்."

வேலைக்கு வந்த தம்பிமேல் தப்பு இல்லை. அவருக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. வண்டிக்காரர்மேலும் தப்பு இல்லை. அவரிடம் முந்தின நாள் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இல்லாமல் போனதுதான் தப்பு.

விமான நிலையங்களில் என்ன செய்தார்கள்?

மூடாமலே வேலை செய்ய முடியுமா? முடியும். ஒரு நிமிடம் பிசகினாலும் ஆபத்து என்கிற இடத்திலேயே செய்து காட்டியிருக்கிறார்கள்.

இலங்கையில் கட்டுநாயக்கா விமான நிலையம். 2017-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி முதல் ஏப்ரல் 6-ந் தேதி வரை ஓடுபாதையைப் புதுப்பித்தார்கள். அங்கே இருந்தது ஒரே ஓடுபாதை. தினமும் காலை 8.30 மணிக்கு மூடினார்கள். மாலை 4.30 மணிக்குத் திறந்தார்கள். விமானங்களை எல்லாம் மாலைக்கும் இரவுக்கும் மாற்றினார்கள். பயணிகளை முன்கூட்டியே வரச் சொன்னார்கள். பகலில் ரோலர், இரவில் விமானம். மூன்று மாதம் இப்படியே ஓடியது.

கேரளத்தில் கோழிக்கோடு விமான நிலையம். அதுவும் மலை மேல் உள்ள ஒற்றை ஓடுபாதைதான். 2023-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி முதல் காலை 10 மணிக்கு மூடி, மாலை 6 மணிக்குத் திறந்தார்கள். வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்களின் விமான நேரங்கள் முன்கூட்டியே மாற்றி வைக்கப்பட்டன.

இரண்டு இடத்திலும் ஒரு விஷயம் பொது. எத்தனை மணிக்கு மூடுவது, எத்தனை மணிக்குத் திறப்பது, எந்தத் தேதியில் முடிப்பது என்ற மூன்றும் முதல் கல் பெயர்வதற்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கார் நிறுத்தத்தைப் பொறுத்தவரை சென்னை மீனம்பாக்கத்தைப் பார்க்க வேண்டும். முனையங்களுக்கு எதிரே திறந்த வெளியில் கார்கள் நின்றன. அதற்குப் பதிலாக 2 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார்கள் நிற்கக்கூடிய அடுக்குமாடி நிறுத்தத்தைக் கட்டினார்கள். 2022-ம் ஆண்டு டிசம்பர் 4-ந் தேதி அதைத் திறந்த பிறகுதான் பழைய இடத்தில் வண்டி நிறுத்துவதை நிறுத்தினார்கள்.

முதலில் மாற்று இடம், அப்புறம் பூட்டு. இந்த வரிசை சரி.

ஆனாலும் முணுமுணுப்பு எழாமல் இல்லை. பெட்டியைத் தள்ளிக்கொண்டு அவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறதே என்று பயணிகள் அலுத்துக்கொண்டார்கள். காருக்கு இடம் கணக்குப் பார்த்தவர்கள், காரில் இருந்து இறங்குகிறவரின் காலைக் கணக்குப் பார்க்கவில்லை. மாற்று இடம் தந்தால் மட்டும் போதாது. அது எவ்வளவு தூரத்தில் என்பதும் முக்கியம்.

கள்ளக்குறிச்சிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வேண்டாம். மாவட்டத்தில் உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் உண்டு. அது இன்னும் பயணிகள் விமான நிலையம் ஆகவில்லை. அதனால் சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போகிற பிள்ளையை வழியனுப்ப, ஒரு வேன் பிடித்து வீட்டோடு சென்னைக்கோ திருச்சிக்கோதான் போக வேண்டும். அந்த வேன் எங்கே நிற்கலாம், எத்தனை நிமிடம் நிற்கலாம் என்பது இங்கே உள்ள குடும்பத்துக்கும் காசு விஷயம்தான்.

கள்ளக்குறிச்சிக்குப் பொருந்துமா?

கள்ளக்குறிச்சி 2019-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி விழுப்புரத்தில் இருந்து பிரிந்து தனி மாவட்டத் தலைநகரம் ஆனது. கலெக்டர் ஆபீஸ் வந்தது. போலீஸ் சூப்பிரண்டு ஆபீஸ் வந்தது. சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2022-ம் ஆண்டு ஜனவரியில் அது திறக்கப்பட்டது. மனு கொடுக்க, வைத்தியம் பார்க்க, கல்லூரியில் சேர என்று ஜனங்கள் இங்கே வருகிறார்கள்.

ஆபீஸ்கள் பெருகின. ஆனால் நகரத்தின் நடுவில் உள்ள ரோடுகள் தாலுகா ஊராக இருந்த காலத்தில் போட்டவைதான். சேலம் ரோடு, துருகம் ரோடு, கச்சிராயப்பாளையம் ரோடு, சங்கராபுரம் ரோடு என்று எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் நான்கு முனை சந்திப்பைத் தொடாமல் போவது கஷ்டம். இந்த இடத்தில் ஒரு பக்கத்தை அடைத்தால் மற்ற மூன்று பக்கமும் மூச்சு முட்டும்.

இங்கே தளம் போட கட்டுநாயக்கா பாடம் உதவுமா? உதவும். உதாரணத்துக்கு ஒரு பஸ் நிலையத்தில் 20 பஸ் நிற்க இடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐந்து ஐந்தாகப் பிரித்தால் நாலு பகுதி. ஒரு பகுதியில் வேலை நடக்கும்போது 15 இடம் கையில் இருக்கும். ஐந்து பஸ்சை மட்டும் வெளியே நிறுத்தினால் போதும். எந்த ஊர் பஸ் எந்த நாளில் எங்கே நிற்கும் என்று ஒரு பலகை. அதைப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒலிபெருக்கி. மூன்று நாளுக்கு முன்பே டீக்கடைகளில் ஒரு துண்டு நோட்டீஸ்.

இவ்வளவு செய்தால் காலையில் ஆபீஸ் பஸ்சுக்கு வருகிற குமாஸ்தா திண்டாட மாட்டார். சந்தைக்குக் கூடை தூக்கி வருகிற அம்மா, வெயிலில் மூன்று பஸ் பக்கம் ஓடி விசாரிக்க வேண்டியிருக்காது.

சிறு கடைக்காரரின் கணக்கு இன்னும் நுணுக்கமானது. வாசலில் நாலு வண்டி நின்றால்தான் அவருக்கு வியாபாரம். இரண்டு நாள் வாசல் அடைபட்டால் தாங்குவார். எந்த இரண்டு நாள் என்று சொன்னால் காய்கறி, பால் கொள்முதலைக் குறைத்துக்கொள்வார். சொல்லாமல் அடைத்து, தார் வரவில்லை என்று பத்து நாள் சுரண்டிய ரோட்டை அப்படியே போட்டுவிட்டால்தான் அவர் கடன்காரர் ஆகிறார்.

சுரண்டிப் போட்ட ரோடு உயிருக்கும் ஆபத்து. சுரண்டிய பாதிக்கும் சுரண்டாத பாதிக்கும் நடுவில் ஒரு விளிம்பு நிற்கும். இரவில் வருகிற இரு சக்கர வண்டி அந்த விளிம்பில் சக்கரம் பட்டால் சறுக்கும். பின்னால் லாரி வந்தால் அவ்வளவுதான்.

ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையிலும் ஒரு பாடம் இருக்கிறது. உளுந்தூர்பேட்டையில் இருந்து சேலம் வரை சுமார் 136 கிலோமீட்டர் நான்கு வழிச்சாலை. ஆனால் கள்ளக்குறிச்சி உள்பட சில ஊர்களின் புறவழிச்சாலைகளை மட்டும் இரண்டு வழியாகவே போட்டார்கள். நான்கு வழியில் வேகமாக வருகிற வண்டி திடீரென்று இரண்டு வழியில் நுழைந்து எதிர் வண்டியைச் சந்தித்தது. பல உயிர்கள் போயின. பிறகு அவற்றை அகலப்படுத்தும் வேலை, வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை ஆனது. முதலில் மிச்சம் பிடித்ததைப் பின்னால் வட்டியோடு கட்டுவது என்பது இதுதான்.

ரோடு உசரம், வீடு பள்ளம்

மூடாமல், சுரண்டாமல், ஒரே ராத்திரியில் சுலபமாக ரோடு போட ஒரு குறுக்கு வழி உண்டு. பழைய தாருக்கு மேலேயே புதுத் தாரைக் கொட்டிவிட்டுப் போவது. காண்டிராக்டருக்கு லாபம். அதிகாரிக்கு நிம்மதி. பொதுமக்களுக்கும் அன்றைக்குச் சந்தோஷம்தான்.

ஒவ்வொரு தடவையும் ஒன்று, ஒன்றரை அங்குலம். நாலு தடவை போட்டால் அரை அடி. அப்பா கட்டிய கடைக்கு ரோட்டில் இருந்து மூன்று படி ஏற வேண்டியிருந்தது. மகன் காலத்தில் ஒரு படி. பேரன் காலத்தில் ரோட்டில் இருந்து கடைக்குள் இறங்க வேண்டியதாகிறது. ஐப்பசி மழை முதலில் நுழைவது அந்தக் கடைக்குள்தான். அரிசி மூட்டை நனைந்தால் நஷ்ட ஈடு தருவார் யார்?

இதற்கு உத்தரவு இல்லாமல் இல்லை. 2021-ம் ஆண்டு அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதுத் தளம் போட வேண்டும், ரோட்டு மட்டம் உயரக்கூடாது என்று அறிவுறுத்தினார். உத்தரவு காகிதத்தில் இருக்கிறது. அது தெருவில் நடக்கிறதா என்று பார்க்க பெரிய படிப்பு வேண்டாம். வேலை தொடங்கும் முன்பு வாசல் படியில் இருந்து ரோடு வரை ஒரு அளவுகோலால் அளந்து எழுதி வைத்தால் போதும். முடிந்த பிறகு இன்னொரு தடவை அளக்க வேண்டும். இரண்டு கணக்கும் பொய் சொல்லாது.

மலையில் மாற்று வழி எங்கே?

நகரத்தில் ஒரு தெருவை அடைத்தால் இன்னொரு தெரு உண்டு. மலையில்?

கச்சிராயப்பாளையத்தைத் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து, கல்வராயன் மலை மீது வெள்ளிமலைக்கு ஒரு ரோடு ஏறுகிறது. கள்ளக்குறிச்சிக்கு இறங்க மலைவாழ் மக்கள் நம்பியிருப்பது இந்தப் பாதையைத்தான். பள்ளிக்கூடப் பிள்ளை, கடைக்கு வரும் அரிசி, சந்தைக்குப் போகும் விளைச்சல், ஆஸ்பத்திரிக்கு இறங்கும் பிரசவக்காரி எல்லாருக்கும் அதே வளைவுகள், அதே அகலம். அதற்கும் உள்ளே உள்ள சிறு கிராமங்களுக்கு ஒற்றைப் பாதைதான்.

இந்த மலை 1976-ம் ஆண்டு வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. அரசாங்கம் ஏறி வந்ததே தாமதம். 2024-ம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, சென்னை ஐகோர்ட்டு கல்வராயன் மலை மக்களின் நிலை பற்றித் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. ரோடும் ஆஸ்பத்திரியும் பள்ளியும் கோர்ட்டுக் கூண்டில் வந்து நின்றன. 60 உயிர் போன பிறகுதான் மலை ரோட்டைப் பற்றிப் பேச்சு வந்தது என்பதை மறக்கக்கூடாது.

மலையில் தார் போடுவது சமவெளியில் போடுவது மாதிரி இல்லை. சுடுகலவை கீழே தயாராகிறது. லாரி வளைவு வளைவாக ஏறி வருவதற்குள் சூடு இறங்குகிறது. மேலே தார்பாய் போட்டு மூடாமல் வந்தால் பாதி ஆறிய கலவைதான் கிடைக்கும். அதை உருட்டினால் இறுகாது. இறுகாத தாரை முதல் மழையே பிடுங்கும். மலையில் தண்ணீர் நிற்பதில்லை, ஓடுகிறது. ரோட்டு ஓரக் கால்வாய் அடைபட்டால் ரோடே கால்வாய் ஆகிவிடும்.

இங்கே வேலை செய்ய ஒரே வழி பாதிப் பாதி. ரோட்டின் ஒரு பாதியில் தார், மறு பாதியில் வண்டி. இரண்டு முனையிலும் கொடியோடு ஆள். வளைவு என்றால் ஒருவருக்கொருவர் தெரியாது, ஆகவே கையில் பேசும் கருவி வேண்டும். சிக்னல் கிடைக்காத இடத்தில் செல்போனை நம்ப முடியாது. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கே முதல் வழி என்பது சட்டம். ஆனால் இறங்கி வருவது 108 ஆம்புலன்ஸ் என்றால், ஏறுகிற வரிசையை முன்கூட்டியே நிறுத்தி வைக்க வேண்டும். ரோலரை ஓரம் கட்ட இடம் விட்டிருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு தாயும் பிள்ளையும் இருக்கக்கூடும்.

விமான நிலையத்தில் ஓடுபாதையை எட்டு மணி நேரம் மூடினால் விமானம் வேறு நேரத்துக்கு மாறும். பிரசவ வலிக்கு வேறு நேரம் கிடையாது. மலை ரோட்டில் வேலை செய்கிறவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது இது.

காசு எந்தக் கணக்கில்?

இவ்வளவும் தெரியாதவர்களா அதிகாரிகள்? தெரியும். வண்டிகள் ஓடும் ரோட்டில் வேலை செய்யும்போது எங்கே பலகை, எங்கே விளக்கு, எங்கே கொடிக்காரர் என்று இந்திய சாலை காங்கிரஸ் தனியாக ஒரு வழிகாட்டிப் புத்தகமே வைத்திருக்கிறது. எஸ்.பி.55 என்று பெயர். 2014-ம் ஆண்டு அதைத் திருத்தியும் வெளியிட்டார்கள்.

பிறகு ஏன் நடப்பதில்லை? டெண்டரைப் பார்த்தால் விளங்கும். தாருக்கு அளவு உண்டு, ரேட்டு உண்டு. சுரண்டுவதற்கு அளவு உண்டு, ரேட்டு உண்டு. அளந்தால் பணம். வண்டிக்கு மாற்று இடம் பார்ப்பது, மூன்று நாள் முன்பு நோட்டீஸ் கொடுப்பது, ராத்திரி முழுவதும் ஆள் நிறுத்துவது இவற்றுக்குத் தனி வரி இல்லாவிட்டால், அது காண்டிராக்டரின் கைக்காசு. கைக்காசு போடுகிற வேலையை யார் விரும்பிச் செய்வார்?

ஆகவே திட்டுவதைவிட, அந்த வரியை டெண்டரில் எழுத வைப்பதுதான் காரியம். எழுதினால் கேட்கலாம். செய்யாவிட்டால் பணத்தைப் பிடிக்கலாம். பிரதமர் கிராம சாலைத் திட்டத்தில் ரோடு போட்டவரே ஐந்து ஆண்டு பராமரிக்க வேண்டும் என்று எழுதி வைத்திருப்பதால்தான் அதைக் கேட்க முடிகிறது. எழுதாத கடமைக்குச் சாட்சி இல்லை.

ரோடு யாருடையது என்பதிலும் குழப்பம். தெரு நகராட்சியுடையது. பெரிய ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது. புறவழிச்சாலை தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துடையது. மலைக்கிராமப் பாதை ஊராட்சி ஒன்றியத்துடையது. ஒருவர் தார் போட்டு முடித்த மறுவாரம், குடிநீர்க் குழாய்க்காக இன்னொருவர் தோண்டுவது இதனால்தான். மாவட்டத்தில் எல்லாரையும் ஒரே மேஜையில் உட்கார வைக்கக்கூடியவர் கலெக்டர். தார் சீசன் தொடங்கும் முன்பு அப்படி ஒரு கூட்டம் போட்டு, எந்த ரோடு எந்த வாரம் என்று ஒரு பட்டியலை ஒட்டினால் பாதித் தொல்லை தீரும்.

பொதுமக்கள் என்ன கேட்கலாம்?

வேலை தொடங்கும் இடத்தில் திட்டத்தின் பெயர், மதிப்பு, காண்டிராக்டர் யார், என்று முடியும் என்ற பலகை இருக்கிறதா என்று பார்க்கலாம். பழைய தாரை எவ்வளவு ஆழம் சுரண்டுகிறார்கள் என்று கேட்கலாம். இன்று சுரண்டினால் என்று தார் வரும் என்று கேட்கலாம். அதுவரை வண்டியை எங்கே நிறுத்துவது என்று கேட்கலாம். ஆம்புலன்ஸ் வந்தால் வழி எது என்று கேட்கலாம்.

வாயால் கேட்டுப் பதில் வரவில்லை என்றால், 2005-ம் ஆண்டு வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணத்தில் மனு போட்டு, அந்த வேலையின் எஸ்டிமேட் நகலைக் கேட்கலாம். சுரண்டுவதற்கு எஸ்டிமேட்டில் பணம் எழுதியிருந்து, தெருவில் சுரண்டாமல் போட்டிருந்தால், திருட்டு கையும் களவுமாகத் தெரிந்துவிடும்.

வண்டிக்காரர்களுக்கும் ஒரு கடமை உண்டு. கயிறு கட்டியிருந்தால் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழையக்கூடாது. "ரெண்டு நிமிஷம்தான்" என்று ஆறாத தாரில் நிறுத்துகிற ஒரு வண்டி, எல்லோருக்கும் ஒரு பள்ளத்தை விட்டுவிட்டுப் போகிறது.

வேலூர் மோட்டார் சைக்கிள் சிமெண்டில் இருந்து வெளியே வந்துவிட்டது. அன்று ராத்திரி அந்தத் தெருவில் வீட்டு வீடாகக் கதவைத் தட்டி, "வண்டி யாருதுங்க? கொஞ்சம் எடுத்துவிடுங்க" என்று சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தால், போட்ட ரோட்டை உடைக்க வேண்டியிருக்காது. அந்த ஆளுக்கு ஒரு நாள் கூலி எவ்வளவு ஆகியிருக்கும்?

கள்ளக்குறிச்சியிலும் மலையிலும் அடுத்த தார் வண்டி வருவதற்கு முன்பு, அந்த ஒரு ஆளின் கூலியை எஸ்டிமேட்டில் எழுதிவிட்டால் போதும்.